டெரன்ஸ் மூன்று எண்ணிய விதம்

லிஃப்ட் கதவு பாதி திறந்து கிடக்க, உள்ளே இருட்டிலிருந்து யாரோ சீழ்க்கையடிக்கும் ஓசை கேட்டால் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிவாசிகள் பயப்பட மாட்டார்கள். "டெரன்ஸ் வந்துட்டாரு, கொஞ்ச நேரத்துல லிஃப்ட் ஓடும்" என்று சொல்லிக்கொண்டு பாசாரில் வாங்கிய காய்கறிப் பைகளைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவர் அடிக்கும் சீழ்க்கை பெரும்பாலும் கோயில் பாட்டாக இருக்கும். சில மாதங்களாக அது யாருக்கும் தெரியாத ஒரு பாட்டாக இருந்தது. அந்தப் பாட்டைப் பற்றித்தான் எழுத வருகிறேன்.

டெரன்ஸுக்கு ஐம்பத்து மூன்று வயது. லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. அந்த வேலையில் எப்போதும் இருவர் இருப்பார்கள். ஒருவர் மொட்டை மாடியில் மோட்டார் அறையில் நிற்பார், மற்றவர் அடியில் குழியில் நிற்பார். அடியில் நிற்பவர் முகம்மது சுல்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கத்தியே பேசிப் பழகியவர்கள். அதனால் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து தே தாரிக் தேநீர் குடிக்கும்போதும் கத்தித்தான் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டெரன்ஸ் எங்கள் மாதா கோயிலின் தமிழ்ப் பூசையில் கித்தார் வாசிப்பார். யாரிடமும் படித்ததில்லை, பதினாறு வயதில் காதால் கேட்டுக் கேட்டு விரல் பழகியது. பாட்டை ஒரு முறை பாடிக் காட்டினால் போதும், இரண்டாம் முறை கூடவே வாசிப்பார். ஆனால் எந்தச் சுரத்தின் பெயரையும் உறுதியாகச் சொல்ல மாட்டார். கேட்டால், "இது இங்க இருக்கு லா" என்று விரலை அழுத்திக் காட்டுவார்.

மனைவி ஜெசிந்தா ஒரு பல் மருத்துவமனையில் எழுத்தர். அவர்களுக்குத் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டு நிறைவதை ஒட்டி, நவம்பர் மாதத்தின் ஒரு ஞாயிறு நன்றிப் பூசைக்கென்று குறிக்கப்பட்டது. அந்தப் பூசையில் ஜெசிந்தாவுக்குத் தெரியாமல் ஒரு புதுப் பாட்டு பாடப்பட வேண்டும் என்று டெரன்ஸ் ஆசைப்பட்டார். 'வழியெல்லாம் விளக்கு வைத்தவரே' என்று தொடங்கும் அந்தப் பாட்டுக்குச் சொல்லும் அவருடையது, மெட்டும் அவருடையது. வாழ்நாளில் அவர் உண்டாக்கிய ஒரே பாட்டு. லிஃப்ட் குழிகளில் சீழ்க்கையாகக் கேட்டது அதுதான்.

குறுக்கே நின்றது நட்டாலியின் விதி. நட்டாலி எங்கள் பாடகர் குழுவின் புதிய தலைவி. பள்ளியில் இசை கற்பிக்கிறாள். சென்ற கிறிஸ்துமஸில் இரண்டாம் குரலை ஆளுக்கு ஒரு விதமாகப் பாடி வைத்ததைக் கேட்ட பிறகு அவள் ஒரு சட்டம் போட்டாள்: எந்தப் பாட்டானாலும் இரண்டு குரலும் சுரப் பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும், எழுதப்படாத பாட்டு பாடப்படாது.

"மெட்டு ரொம்ப நல்லா இருக்கு அங்கிள். நீங்க வாசிச்சத வச்சு முதல் குரல நான் எழுதிட்டேன். ரெண்டாவது குரல் அதுக்கு ஒரு தர்ட் கீழ போகணும். நீங்களே எழுதிட்டு வாங்க, உங்க பாட்டு தானே" என்றாள்.

"தர்ட்னா மூணு தான?"

"மூணுதான்."

"அவ்ளோதானா? மூணு எண்ண எனக்குத் தெரியாதா?" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் டெரன்ஸ்.

அந்த வாரம் சுல்தான் லீவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மகள் ரொஸ்னாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. 'ஏழாம் நாள் அகீகா, மதியம் வீட்டுக்கு வந்துரு' என்று அன்றே டெரன்ஸின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பியிருந்தார். குழந்தை பிறந்த ஏழாம் நாள் ஆடு அறுத்து, உறவுக்கும் நட்புக்கும் விருந்து வைப்பது அவர்கள் வழக்கம்.

பேச்சுத் துணை இல்லாததால் டெரன்ஸ் மதிய வேளைகளில் மோட்டார் அறையில் உட்கார்ந்து இரண்டாம் குரலை எழுதினார். கித்தார் கையில் இல்லை. அது நல்லதற்கென்றே நினைத்தார். காது சொல்வதைக் கேட்காமல் சட்டப்படி எழுத வேண்டும் அல்லவா? மேலை இசையில் சுரங்களுக்கு ஏழு எழுத்துகள்தான்: ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி. அதன் பிறகு மறுபடியும் ஏ. மாடிப் படி போல மேலே போகும், கீழே வரும். அவருடைய பாட்டு பி-யில் தொடங்குகிறது. பி-யிலிருந்து மூன்று கீழே. லிஃப்ட்காரர் எப்படி எண்ணுவார்? நிற்கிற தளம் கிரவுண்ட். அது கணக்கில் வராது. அங்கிருந்து ஏ ஒன்று, ஜி இரண்டு, எஃப் மூன்று. பாட்டின் சுதியில் எஃப் எப்போதும் அரைப் படி ஏறி எஃப் ஷார்ப்பாக வரும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். 'எஃப் ஷார்ப்' என்று அழகாக எழுதினார். இப்படியே பாட்டு முழுவதும் எழுதி முடித்து, அதைப் படம் எடுத்து இரண்டாம் குரல் பாடுபவர்களுக்கு அனுப்பியும் விட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை பயிற்சி. மழை பெய்திருந்ததால் வந்தவர்கள் குறைவு. முதல் குரல் ஒரு பக்கம், இரண்டாம் குரல் ஒரு பக்கம். டெரன்ஸ் கித்தாரில் ஜி கார்டை மீட்டினார். நட்டாலி கையை அசைத்தாள். 'வழியெல்லாம்' என்று இரண்டு குரலும் சேர்ந்து கிளம்பின. 'விளக்கு' வருவதற்குள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசி வரை நிற்காமல் பாடியவர் அமலம்மாள் மட்டும். ஓய்வுபெற்ற தாதியான அவர்தான் இரண்டாம் குரலின் தூண். எழுதியிருந்ததை ஒரு சுரமும் பிசகாமல் பாடி முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"டெரன்சு, இது பாட்டா, இல்ல பொம்பா வண்டியா? எங்க தீ பிடிச்சிருக்குன்னு சொல்லு, ஓடிப் போயிருவோம்."

தீயணைப்பு வண்டி என்றதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டெரன்ஸும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

நட்டாலி தாளை வாங்கிப் பார்த்தாள். "அங்கிள், இது தர்ட் இல்ல. ஃபோர்த்."

"எப்படிம்மா? நான் மூணுதான் எண்ணினேன்."

"எண்ணிப் பாருங்க, நாலு வரும்."

டெரன்ஸ் விரல் விட்டு எண்ணினார். மூன்று வந்தது. நட்டாலி விரல் விட்டு எண்ணினாள். நான்கு வந்தது.

"நான் இருக்கிற ஃபிளாட்டுல நாலாம் மாடியே கிடையாது. மூணுக்கு அப்புறம் 3A, அப்புறம் அஞ்சு. எனக்குப் போயி எங்கிருந்து நாலு வந்துச்சு?" என்றார் டெரன்ஸ். சீன மொழியில் நான்கு சாவைப் போல ஒலிக்கும் என்று இந்த ஊரின் பல கட்டடங்களில் நான்கு என்ற பொத்தானே இருக்காது என்பதால் மறுபடியும் ஒரு சிரிப்பு. ஆனால் ஜெபமாலைக் குழுவினர் கூடத்துக்காக வாசலில் காத்திருந்தார்கள். உட்கார்ந்து விளக்க நேரமில்லை.

நட்டாலி தயங்கித்தான் சொன்னாள். "அங்கிள், இன்னும் ஒரு பயிற்சிதான் இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை சரியா வந்தா பாடலாம். இல்லன்னா பழைய நன்றிப் பாட்டையே வச்சுக்குவோம். கோச்சுக்காதீங்க."

"ஏன் டெரன்சு," என்று குடையை எடுத்துக்கொண்டே கேட்டார் அமலம்மாள், "உன் கணக்குப்படி உனக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசம்தானா? இல்ல, அதையும் ஒரு தடவ எண்ணிப் பாக்கணுமா?"

மறுநாள் சனிக்கிழமை டெரன்ஸுக்கு அவசர வேலை. ஜெலுத்தோங்கில் ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. கைப்பேசியை வண்டியில் வைத்துவிட்டுப் போனவர் மாலையில்தான் வெளியே வந்தார். சுல்தானிடமிருந்து பல அழைப்புகள் வந்திருந்தன. 'நாளைக்கு விருந்துக்கு வரேனான்னு கேக்குறாரு' என்று நினைத்துக்கொண்டு, 'கண்டிப்பா வரேன் பாய்' என்று பதில் அனுப்பினார்.

ஞாயிறு பூசை முடிந்து, குழந்தைக்கு ஒரு கொசுவலைத் தொட்டிலை வாங்கிக்கொண்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் இருக்கும் சுல்தானின் வீட்டுக்குப் போனார். நல்ல பசி. வேண்டுமென்றே காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. சந்தில் கூடாரம் இல்லை, செருப்புக் கூட்டம் இல்லை. சுல்தானின் மனைவி ஹபீபா பீவி கதவைத் திறந்தார்.

"வாங்க தம்பி. என்ன இந்தப் பக்கம்?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? விருந்துக்குத்தான். நான்தான் முதல் ஆளா?"

"கடைசி ஆளு. கெண்டூரி நேத்தே முடிஞ்சிருச்சு தம்பி. தேக்சா சட்டியெல்லாம் கழுவிக் கவுத்தாச்சு."

உள்ளேயிருந்து சுல்தானின் சிரிப்புக் கேட்டது. "டேய் டெரன்சு! நேத்து பூரா போன் அடிச்சேன், நீ சாயங்காலமா 'கண்டிப்பா வரேன்'னு அனுப்புற. இன்னொரு ஆட்டுக்கு நான் எங்கடா போவேன்?"

"நீங்கதான பாய் ஏழாம் நாள்னு சொன்னீங்க? புள்ள பொறந்தது ஞாயித்துக்கெழம. இன்னைக்கு ஞாயித்துக்கெழம. ஏழு நாளு கரெக்டா இருக்கு லா."

"பொறந்த அன்னைக்கே ஒண்ணு ஆயிருச்சுடா." சுல்தான் விரலை மடக்கினார். "ஞாயிறு ஒண்ணு. திங்க ரெண்டு. செவ்வா மூணு. புதன் நாலு. வியாழன் அஞ்சு. வெள்ளி ஆறு. சனி ஏழு. ஆட்டுக் கறி காலி."

"பொறந்த நாளு கிரவுண்ட் இல்லையா?"

"எது கிரவுண்ட்? புள்ள என்ன லிஃப்டுலயா பொறந்துச்சு? அன்னைக்கு அது இந்த உலகத்துல இருந்துச்சா இல்லையா? தொண்ட கிழிய அழுதுச்சே, அத எண்ண மாட்டியா நீ?"

டெரன்ஸ் தொட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றார். ஹபீபா பீவி, அவருக்குப் பசி மயக்கம் என்று நினைத்து உள்ளே ஓடினார்.

"நாங்களும் அப்படித்தான எண்ணுறோம்," என்றார் டெரன்ஸ் மெதுவாக. "வெள்ளிக்கெழம ஆண்டவரச் சிலுவையில அறைஞ்சாங்க. மூணாம் நாள் உயிர்த்தாரு. வெள்ளி ஒண்ணு, சனி ரெண்டு, ஞாயிறு மூணு. இப்பத்தான் பூசையில அத வாய் நிறைய சொல்லிட்டு வந்தேன்." பிறகு விரலை மடக்கினார். "பி ஒண்ணு. ஏ ரெண்டு. ஜி மூணு. எஃப் இல்ல பாய், ஜி! நிக்கிற எடத்தையும் எண்ணணும்!"

"ஹபீபா," என்று கத்தினார் சுல்தான், "சோறு சீக்கிரம் கொண்டா. இவன் ஏ பி சி டி சொல்றான்."

அவருக்கென்று எடுத்து வைத்திருந்த கறியும் நெய்ச்சோறும் ஒரு தட்டு நிறைய வந்தன. சாப்பிட்டுக்கொண்டே டெரன்ஸ் நடந்ததையெல்லாம் சொன்னார். பாட்டைப் பற்றிச் சுல்தானுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பொம்பா வண்டி என்ற இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் டெரன்ஸ் கித்தாரை எடுத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார். தாளில் எஃப் ஷார்ப்பை அடித்து ஜி என்று எழுதினார். அடுத்தது சி: சி, பி, ஏ. ஏ என்று எழுதினார். அடுத்தது டி: டி, சி, பி. பி என்று எழுதினார். எழுதியதைக் கித்தாரில் மெல்ல வாசித்துப் பார்த்தார். ஜி, ஏ, பி. எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. மறுபடி வாசித்தார். சமையலறையில் ஜெசிந்தா பாத்திரம் கழுவிக்கொண்டு, கூடவே முனகினார். அவர் முனகியது ஜி, ஏ, பி.

டெரன்ஸ் விரலை நிறுத்திவிட்டுத் தன் மெட்டைச் சீழ்க்கையடித்தார். சமையலறை முனகல் நிற்கவில்லை. மெட்டுக்குச் சரியாக ஒரு தர்ட் கீழே, பாட்டின் கடைசி வரை கூடவே வந்தது.

இது புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து ஜெசிந்தா இப்படித்தான் முனகுவார். டெரன்ஸ் எதை வாசித்தாலும் அதற்குக் கொஞ்சம் கீழே ஒன்று. "நீ சுதி விட்டுப் பாடுற" என்று அவர் கேலி செய்வார். அதனால்தான் ஜெசிந்தா எவ்வளவு கூப்பிட்டும் பாடகர் குழுவில் சேரவில்லை. "எனக்குச் சுதி நிக்காது, எங்க வீட்டுக்காரரக் கேளுங்க" என்பார். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

டெரன்ஸ் எழுந்து போய் துணியை எடுத்து, கழுவிய தட்டுகளைத் துடைத்தார்.

"என்ன, இன்னைக்குப் புதுசா இருக்கு?" என்றார் ஜெசிந்தா.

"சும்மாதான்."

திங்கட்கிழமை சுல்தான் வேலைக்குத் திரும்பினார். அன்று அவர்கள் பார்த்த கட்டடத்தில் லிஃப்ட் கீழே இறங்கும் முன் 'டிங்-டாங்' என்று மேலும் கீழுமாக இரண்டு மணி அடிக்கும். டெரன்ஸ் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"பாய், இன்னொரு தடவ மேல போயிட்டு வாங்க."

"எதுக்கு? எல்லாம் சரியாத்தான ஓடுது?"

"போயிட்டு வாங்களேன்."

சுல்தான் மேலே போய்க் கீழே வந்தார். மறுபடியும் போகச் சொன்னார் டெரன்ஸ். "நீ ரிப்பேர் பாக்க வந்தியா, கச்சேரி கேக்க வந்தியா?" என்று சுல்தான் மொட்டை மாடிக்கும் கேட்கும்படி கத்தினார். டெரன்ஸ் கைப்பேசியில் அந்த மணியைப் பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் கித்தாரோடு ஒத்துப் பார்த்தார். அதுவும் ஒரு தர்ட். ஆண்டுக்கணக்காக அந்த மணிக்கு அவர்தான் பேட்டரி மாற்றி வந்திருக்கிறார்.

ஆனால் ஒன்று இடித்தது. கித்தாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளுக்கு ஃபிரெட் என்று பெயர். பி-க்கும் ஜி-க்கும் நடுவே நான்கு ஃபிரெட். சி-க்கும் ஏ-க்கும் நடுவே மூன்றுதான். இரண்டும் எப்படித் தர்ட் ஆகும்? இதற்கு அவருக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை. லிஃப்ட் தண்டவாளத்தை அளந்த எவருக்கும் தெரியும்: எல்லா மாடியும் ஒரே உயரம் இல்லை. எத்தனையாவது மாடி என்பது ஒரு கணக்கு, எத்தனை அடி உயரம் என்பது வேறு கணக்கு. எழுத்துகள்தான் மாடிகள், ஃபிரெட்டுகள் உயரம். பி-க்கும் சி-க்கும் நடுவிலும், இ-க்கும் எஃப்-க்கும் நடுவிலும் ஒரே ஃபிரெட்; அவை கூரை தாழ்ந்த மாடிகள். மற்றவையெல்லாம் இரண்டு ஃபிரெட் உயரம்.

வெள்ளிக்கிழமை. இம்முறை எல்லாரும் வந்திருந்தார்கள். பொம்பா வண்டிக் கதை பரவியிருந்தது ஒரு காரணம். பாடத் தொடங்கும் முன் நட்டாலி தாளைச் சரிபார்த்தாள்.

"பி-க்கு ஜி. சி-க்கு ஏ. ரெண்டும் தர்ட்தானா அங்கிள்?" என்று சோதித்தாள்.

"ரெண்டும் மூணுதான். முதல்ல உள்ளது நாலு ஃபிரெட், பெரிய மூணு. அடுத்தது மூணு ஃபிரெட், சின்ன மூணு."

"மேஜர் தர்ட், மைனர் தர்ட்."

"பேரு நீ வச்சுக்கோ. எனக்கு உயரம் தெரிஞ்சாப் போதும்."

நட்டாலி சிரித்துக்கொண்டே மெட்டின் மூன்றாம் வரியைக் காட்டினாள். "இங்க உங்க மெட்டு சி-யிலேருந்து டி ஷார்ப்புக்கு ஏறுது. மூணு ஃபிரெட். அப்ப இது என்ன?"

"சின்ன மூணு," என்றார் டெரன்ஸ் உடனே. சொன்ன கையோடு விரலை மடக்கிப் பார்த்தார். "இரு, இரு. சி ஒண்ணு, டி ரெண்டு. அவ்வளவுதான். மாடி ரெண்டுதான், ஆனா உயரம் மூணு மாதிரி. ஹோட்டல் லாபி! பெரிய ஹோட்டல்ல கிரவுண்ட் மட்டும் கூரை எங்கேயோ இருக்கும், அந்த மாதிரி."

"ஆக்மென்டட் செகண்ட்னு பேரு. நீட்டி விட்ட செகண்ட்."

"லாபி," என்றார் டெரன்ஸ்.

"சரி, லாபி," என்றாள் நட்டாலி. அன்று முதல் எங்கள் குழுவில் அதற்கு அதுதான் பெயர்.

டெரன்ஸ் ஜி கார்டை மீட்டினார். இரண்டு குரலும் கிளம்பின. 'விளக்கு' வந்தது, யாரும் நிற்கவில்லை. லாபி வந்தது, அதையும் ஏறினார்கள். முடிந்ததும் எல்லாரும் அமலம்மாளைப் பார்த்தார்கள்.

"தீ அணைஞ்சிருச்சு," என்றார் அமலம்மாள். "பாடலாம்."

ஞாயிறு பூசையில் ஜெசிந்தா நீல நிறப் புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நற்கருணைக்குப் பிறகு, நன்றிப் பாட்டு என்று நட்டாலி அறிவித்ததும், பழக்கமான பாட்டை எதிர்பார்த்து எழுந்து நின்றார். டெரன்ஸ் கித்தாரை மீட்டினார். முதல் வரி வந்தது. ஜெசிந்தா கணவரைப் பார்த்தார். டெரன்ஸ் ஃபிரெட்டைப் பார்த்தார்.

இரண்டாம் முறை அதே வரி வந்தபோது முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் சேர்ந்தது. அதற்குள் சொற்களைப் பிடித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா இரண்டாம் குரலைப் பாடினார். அவரிடம் தாள் இல்லை. அமலம்மாள் பாடியதும் ஜெசிந்தா பாடியதும் சுரத்துக்குச் சுரம் ஒன்றாக இருந்தன. லாபியில்கூட அவர் தடுமாறவில்லை. நட்டாலியின் கை அசைந்துகொண்டே இருக்க, தலை மட்டும் முதல் வரிசைப் பக்கம் திரும்பியது.

வெளியே காப்பிப் பந்தலில் டெரன்ஸ் மனைவியின் எதிரே வந்து நின்றார்.

"எப்படி, ஆச்சரியமா இருந்துச்சா?"

"எது? ஆறு மாசமா குளிக்கிற அறையில இதத்தான பாடுறீங்க? சொல்லு மட்டும்தான் புதுசு. இது எனக்குன்னு தெரியாது, அதுதான்..." ஜெசிந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருந்துச்சு. நான் வேற நடுவுல சுதி விட்டுப் பாடிட்டேன்."

"நீ சுதி விடல," என்றார் டெரன்ஸ். சுற்றி நாங்கள் எல்லாரும் நிற்கிறோம் என்பதையும் மறந்து, மோட்டார் அறைக் குரலிலேயே சொன்னார். "நீ பாடுறது தர்ட். இருபத்தஞ்சு வருசமா சரியாத்தான் பாடுற. எனக்குத்தான் எண்ணத் தெரியல."

ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எப்பவும் மேலயே பாடுறீங்க. கீழ எடம் காலியா இருந்துச்சு, நான் பாடினேன். அதுக்கு ஒரு பேரு வேற இருக்கா?"

அடுத்த வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்கு ஜெசிந்தா கணவரோடு வந்தார். கதவருகே தயங்கி நின்றவரை அமலம்மாள் பார்த்தார். இரண்டாம் குரல் பெஞ்சில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வா, உக்காரு. உன் வீட்டுக்காரரு எழுதித் தர்றத நம்பிப் பாடாத. காதுல விழுறதப் பாடு."